கொடுத்த குச்சிதான் மிஞ்சும்

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் செய்கிற காரியங்கள் நான்கைந்துதான். காலையில் நடை, அப்புறம் கோயில், பேரப்பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, மாதம் ஒரு தடவை வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகம் பதிவது. வீட்டு முன்னால் நாலடி மண் மிச்சம் இருந்தால், ஐந்தாவதாகப் பூச்செடி வைப்பது.

அப்படிப் புதிதாகப் பூப்பாத்தி போடுகிறவர்கள் முதலில் நர்சரிக்குத்தான் போகிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் பூவோடு நிற்கிற செடிகளைப் பார்த்து மயங்கி, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வருகிறார்கள். ஒரு கோடை கழிந்தால் அதில் பாதி காணாமல் போகிறது. எதிர் வீட்டு அம்மா ஒடித்துக் கொடுத்த நந்தியாவட்டைக் குச்சி மட்டும் பச்சையாக நிற்கிறது. இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் குச்சி எங்கிருந்து வந்தது? எதிர் வீட்டு அம்மாவுக்கு யார் கொடுத்தார்கள்? அவர்களுக்கு யார்? இப்படிப் பின்னோக்கிப் போனால் நம் ஊர்ப் பூச்செடிகளுக்கு ஒரு நீளமான சரித்திரம் இருப்பது தெரியும். அதைக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

கேட்கும் முறை, கொடுக்கும் முறை

நம் சின்ன வயதில் பூச்செடிக்குக் காசு கொடுத்தவர்களைப் பார்த்ததே இல்லை. ஒரு வீட்டு வாசலில் அடுக்குச் செம்பருத்தி பூத்திருந்தால், அந்த வழியாகப் போகிற அம்மா நின்று, "ஏனுங்க, ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்பார். வீட்டுக்காரம்மாவே அரிவாள்மணையை எடுத்து வந்து நல்ல குச்சியாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்வார்: "தாராளமா வெச்சுக்கங்க. நாளைக்கு எங்க வீட்டுல பட்டுப்போச்சுன்னா உங்ககிட்டத்தான் வந்து கேக்கோணும்."

அது வெறும் மரியாதைப் பேச்சு என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அதற்குள் ஒரு முழு விவசாய அறிவு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது என்பது ஒரு விதி. கேட்காமல் எடுத்தால்தான் நன்றாக வளரும் என்று மணிபிளாண்ட் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தோம். வேடிக்கை என்னவென்றால் அந்த மணிபிளாண்ட் பசிபிக் கடலின் நடுவே உள்ள மூரியா என்ற சின்னத் தீவின் செடி. பூப்பதற்கு வேண்டிய சுரப்பு அதன் உடம்பில் சரியாக உண்டாவதில்லை என்று 2016இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை, ஆகவே காய் இல்லை, விதையும் இல்லை. உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு தொங்குகிற மணிபிளாண்ட் எல்லாம் யாரோ யாரிடமோ கேட்டோ கேட்காமலோ ஒடித்த துண்டுகள்தான்.

அதியமான் வீட்டுக் கரும்பு

செடியை ஓரிடத்திலிருந்து கொண்டுவந்து ஊருக்குக் கொடுப்பதைப் பெருமையாக நினைத்த பரம்பரை நம்முடையது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை, ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவனுடைய முன்னோர்களைப் பற்றிப் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் இன்னொரு செய்தி சொல்கிறார். கிடைப்பதற்கு அரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்பதே அது. போரில் வென்றதையும் வேள்வி செய்ததையும் போலவே, ஒரு பயிரைக் கொண்டுவந்து நட்டதையும் ஒரு குலத்தின் புகழாகப் பாடியிருக்கிறார்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. அதே அதியர் வழி வந்த ஒருவன் எட்டாம் நூற்றாண்டில் குடைவித்ததுதான் நாமக்கல் மலையில் உள்ள ரங்கநாதர் குடைவரை. அங்குள்ள கல்வெட்டு அதை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்கிறது. அடுத்த முறை அங்கே போகும்போது, மோகனூர்ப் பக்கம் வயலில் நிற்கிற கரும்பையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பும் கரணை வெட்டி நடுகிற பயிர். கொடுக்க வேண்டுமென்றால் தண்டைத்தான் கொடுக்க வேண்டும்.

அரசர்களுக்குப் பிறகு கோயில்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தி ஏராளம். நந்தவனத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நெல் அளக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓர் ஊரின் நல்ல மல்லிகையும் அலரியும் ஓரிடத்தில் தவறாமல் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப்பட்டது அங்கேதான். வீட்டில் பட்டுப்போனாலும் கோயிலில் இருக்கும். ஒரு வகையில் ஊருக்குப் பொதுவான செடி வங்கி அது.

ஏற்காட்டு வழியாக வந்தவை

1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். பேரிக்காய் போன்ற வெளியூர்ப் பழமரங்களும் அவர் காலத்தில்தான் மலை ஏறின. ஏற்காட்டில் இருக்கும் கிரேஞ்ச் எஸ்டேட் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. 1835இல் சென்னையில் விவசாய தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பித்தார்கள். ராபர்ட் வைட் என்ற தாவரவியல் டாக்டர் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். வெளிநாட்டு விதைகளும் கன்றுகளும் ஜில்லாக்களுக்குப் பரவ இதுபோன்ற சங்கங்கள் ஒரு வாய்க்காலாக இருந்தன.

துரைமார் பங்களாவில் வேலை பார்த்த தோட்டக்காரர்கள் நம் ஊர்க்காரர்கள்தானே. பங்களாவில் கவாத்து செய்தால் வெட்டிய குச்சி எங்கே போகும்? குப்பைக்குப் போவது பாதி, தோட்டக்காரர் வீட்டு வேலிக்குப் போவது பாதி. அங்கிருந்து தெருவுக்கு. இப்படித்தான் கடல் தாண்டி வந்த பூக்கள் மெல்ல மெல்ல நம் வீட்டுச் செடிகளாயின. இன்றைக்கு அவற்றை அந்நியச் செடி என்று சொன்னால் நம்மிடம் சண்டைக்கு வருவார்கள்.

சிலவற்றைப் பார்க்கலாம்.

காகிதப்பூ. 1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய பூகன்வில் என்ற மாலுமியின் பெயரால் அது போகன்வில்லா ஆயிற்று. 1767இல் பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் அந்தச் செடியைச் சேகரித்தவர் அந்தப் பயணத்தில் வந்த கொமர்சோன் என்ற தாவரவியலார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் வந்தவர் ழான் பாரே என்ற பெண்மணி. உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று சரித்திரம் அறிந்தவர் அவர்தான். கொமர்சோனுக்குக் கால் புண்ணாகிக் கிடந்ததால் ரியோவில் காடு மேடு ஏறிச் செடி சேகரித்தவர் அந்த அம்மாதான் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவின் செடி. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒருவர் இந்தச் செடியின் இலைகளைக் கனடாவில் இருந்த ஒரு டாக்டருக்குத் தபாலில் அனுப்பினார். அங்கே அதை நீரிழிவுக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள், அதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று. நீரிழிவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவதை ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் கவனித்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. அதன் தங்கை மருந்தான வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்க மறுக்கிற அந்தச் செடி எத்தனையோ குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் தடுத்திருக்கிறது.

அந்திமந்தாரை தென் அமெரிக்கா. நிலச்சம்பங்கி மெக்சிகோ. கல்வாழையும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான், தாவரவியல் பெயரில் மட்டும் இந்தியா ஒட்டிக்கொண்டது. கோயில் வாசலில் நின்று பூவுதிர்க்கிற ஈழத்தலரி நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆயுத பூஜைக்கு மாலை கட்டுகிற செண்டுமல்லியும் மெக்சிகோதான், ஆனால் அது ஒரு பருவத்தோடு முடிந்துவிடும்.

மாலைக்கு உதிர்க்கிற எட்வர்ட் ரோஜாவின் கதை இன்னும் சுவையானது. இந்து மகாசமுத்திரத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு. அங்கே தோட்டக்காரர்கள் வேலிக்கு இரண்டு வகை ரோஜாவைக் கலந்து வைப்பார்கள். ஒன்று சீன ரோஜா, மற்றொன்று டமாஸ்க் ரோஜா. வேலியிலேயே இரண்டும் கலந்து புதிதாக ஒரு ரோஜா பிறந்தது. அதை அங்கே எத்வார் ரோஜா என்றார்கள். நம் எட்வர்ட் அந்த எத்வாரின் வழி வந்தது என்பது ரோஜா ஆராய்ச்சி செய்தவர்களின் கருத்து. அந்த ரோஜாவின் விதையைக் கொண்டு பாரிஸ்காரர்கள் எத்தனையோ புது ரகங்களை உண்டாக்கினார்கள். நாம் அந்த வேலி ரோஜாவையே குச்சி குச்சியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

விதை இல்லாத பூக்கள்

இப்போது அந்த அம்மா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன்.

நம் வீட்டுப் பூக்களில் நாம் அதிகம் ஆசைப்படுகிற பல ரகங்கள் விதை விடாதவை, அல்லது அபூர்வமாக விடுபவை. அடுக்கு மல்லி, அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி எல்லாம் அப்படித்தான். அடுக்கு என்பது என்ன? மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் இதழாக மாறிவிட்டால் அடுக்கு. பார்க்க அழகு. ஆனால் மகரந்தத்துக்கு வழி அடைந்துபோகிறது.

டெல்லி கனகாம்பரம் இன்னொரு விதம். சாதாரணச் செடிகளில் குரோமோசோம்கள் இரண்டு இரண்டாக இருக்கும். இதில் மூன்று மூன்றாக இருக்கின்றன. இரண்டைப் பாதியாகப் பிரிக்கலாம், மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் விதை பிடிக்காது. நாம் தின்கிற வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இந்த மூன்று கணக்குதான் காரணம். நாட்டுக் கனகாம்பரத்தின் காய் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், தானாகவே அக்கம்பக்கத்தில் முளைக்கும். டெல்லி கனகாம்பரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாராவது குச்சி ஒடித்து வைத்தால்தான் அது அடுத்த இடத்துக்குப் போகும்.

இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். உங்கள் வீட்டு அடுக்கு மல்லி உங்கள் அம்மாயி வீட்டு மல்லியின் பிள்ளை அல்ல, பேத்தி அல்ல. அதே செடிதான். அந்த உடம்பின் ஒரு துண்டுதான் உங்கள் வாசலில் பூக்கிறது. அம்மாயி காலமாகி முப்பது வருஷம் ஆகியிருக்கலாம். அந்த வீடும் இடிந்திருக்கலாம். அவர் தலையில் வைத்த பூவின் செடி உயிரோடு இருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. விதை இருந்தால் மண்ணில் கிடந்தாவது பிழைக்கும். இது ஒரே இடத்தில் இருந்து, அந்த இடத்தில் ஒரு கோடையில் கிணறு வற்றினால் அத்தோடு சரி. நம் சமவெளி கோடைக்குப் பேர்போனது. சேலத்தில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்றால் நாமக்கல்லில் அதைவிடக் குறைவு. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தின்போது சேலம் ஜில்லாவின் கதி என்ன ஆயிற்று என்பதற்கு மக்கள் தொகைக் கணக்கே சாட்சி. 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர், 1881இல் 16 லட்சம் பேர். மனிதர்களே அப்படிப் போன இடத்தில் பூச்செடி தப்பியது என்றால், ஒரே செடி பல வாசல்களில் இருந்ததால்தான் தப்பியிருக்க முடியும். ஒரு தெருவில் பட்டுப்போனால் தண்ணீர் இருக்கிற இன்னொரு தெருவில் மிஞ்சும்.

ஆகவே "பட்டுப்போச்சுன்னா உங்ககிட்டத்தான் வந்து கேக்கோணும்" என்றது கணக்குப் பார்த்துச் சொன்ன வார்த்தை. கொடுத்த செடி எங்கோ இருக்கும், திரும்பக் கேட்கலாம். கொடுக்காமல் பூட்டி வைத்த செடி ஒரு வெயிலோடு போய்விடும்.

குச்சியால் வாழும் சீமை

பூவில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் இரண்டு ஜில்லாக்களின் விவசாயமே பெரும்பாலும் இப்படித்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் பாசனத்தில் வெற்றிலைக்கொடி அகத்தியில் ஏறுகிறது. பழைய கொடிக்காலிலிருந்து வெட்டிய கொடித்துண்டுதான் புதுக் கொடிக்காலுக்கு விதை. வாழைக்குப் பக்கக் கன்று. மஞ்சளுக்குக் கிழங்கு.

எல்லாவற்றுக்கும் மேல் மரவள்ளி. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். 1880களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள், பஞ்ச காலத்தில் ஜனங்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று அதைப் பரப்பினார். அங்கிருந்து நம் பக்கம் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய வழி கண்டார். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று எங்கே போனாலும் வரப்போரம் கட்டுக்கட்டாக மரவள்ளிக் குச்சி சாய்த்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர் நல்ல மகசூல் எடுத்திருந்தால் அவரிடம் குச்சி கேட்பது இன்றும் உண்டு.

பூ விவசாயத்தில் பார்த்தால், சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிக்குப் பெயர்பெற்றது. விடிவதற்கு முன்பே மொட்டுப் பறித்து வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு வந்துவிடும். வெயில் தாங்கும், ஆடு மாடு கடிக்காது, ஒரு தடவை வைத்தால் பல வருஷம் பூக்கும். அதுவும் குச்சிதான். மல்லிகைக்கு ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கச்சிமடம். கடலோர மணலில் வேர்விட்ட மல்லிகைப் பதியன்கள் கட்டுக்கட்டாகத் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. நாம் வாசலில் கைமாற்றிக்கொள்வதை அங்கே ஒரு தொழிலாகவே செய்கிறார்கள்.

குச்சியோடு வருவது

கொடுப்பதெல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் காட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஊதாப்பூ அழகாக இருக்கிறதே என்று ஆசையாகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிவிட்டது. ஆகவே ஏரிக்கரையில் பறித்த எதையும் தொட்டியில் வைத்து, அலுத்த பிறகு சாக்கடையில் எறிய வேண்டாம்.

குச்சியோடு பூச்சியும் வரும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது நினைவிருக்கும். 2010இல் அமெரிக்காவின் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதைத் தின்னும் ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அடுத்து 2020இல் மரவள்ளிக்கென்றே ஒரு மாவுப்பூச்சி கேரளத்தில் தலைகாட்டி நம் காடுகளுக்கும் வந்தது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி. 2022இல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டார்கள். கெடுதலும் கைமாறித்தான் வந்தது, மருந்தும் கைமாறித்தான் வந்தது.

அரளிப் பால் விஷம் என்பது நம் பக்கம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அரளிக் குச்சி கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

புதிதாகப் பாத்தி போடுகிறவர்களுக்கு

பத்தடிக்கு நாலடி இடம் போதும். ஒன்றரை அடி ஆழம் கொத்தி, கட்டிடம் கட்டியபோது புதைத்த செங்கல், சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்குங்கள். செம்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்தால் போதும். நாமக்கல்காரர்களுக்குக் கோழி எரு எளிதாகக் கிடைக்கும். அதைப் பல மாதம் ஆறவைத்து மக்கிய பிறகுதான் போட வேண்டும், பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

வாங்குவதற்கு முன் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். எந்த வீட்டில் எந்தச் செடி சித்திரை வெயிலிலும் வாடாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவரும். நர்சரிக்காரருக்குக்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. ஆடியிலிருந்து ஐப்பசி வரை நமக்கு மழைக்காலம், குச்சி கேட்க அதுவே சமயம்.

பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கிற குச்சியாக வாங்குங்கள். அடி இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்வாக நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றரை மாதத்தில் துளிர்த்தது தெரியும். ஈழத்தலரிக் குச்சியை நாலைந்து நாள் பால் காய வைத்துவிட்டு நட வேண்டும். கனகாம்பரத்தை வேரோடு பிடுங்கித் தந்தால் வாங்க வேண்டாம். வேரில் நூற்புழு இருந்தால் அந்த மண்ணோடு உங்கள் பாத்திக்கும் வந்துவிடும். குச்சியாகவே கேளுங்கள். சம்பங்கிக்கும் மழை லில்லிக்கும் கிழங்கு.

பின்வரிசையில் நந்தியாவட்டை, செம்பருத்தி. நடுவில் இட்லிப்பூவும் மல்லிகையும். மல்லிகைக்கு நல்ல வெயில் வேண்டும், கார்த்திகை வாக்கில் கவாத்து செய்தால் மாசி, பங்குனியில் பூக்கும். முன்வரிசையில் சம்பங்கி, மழை லில்லி. மர நிழல் விழுகிற ஓரத்தில் கனகாம்பரம். இவ்வளவுக்கும் செலவு, கொத்துகிற ஆளுக்குக் கூலியும் எருவும் மட்டும்தான்.

குச்சி வாங்கும்போதே அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "திருச்செங்கோட்டு நாத்தனார் வீட்டிலிருந்து வந்தது", "ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தப்போ வெச்சது" என்று எல்லாச் செடிக்கும் ஒரு ஊர் இருக்கும். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. புது வீட்டில் சுவருக்குச் சுவர் கட்டிவிட்டு, மிச்ச இடத்துக்கு டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள். பொக்லைன் வருகிற அன்று காலையில் வாசலில் நின்ற அடுக்கு மல்லியை நினைக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. விதை இல்லாத ஒரு செடி அந்த வாசலில் மட்டும் இருந்திருந்தால், அந்த வரிசை அன்றோடு முடிந்தது.

ஆகவே உங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதல் நாளே போய் அந்த வீட்டு அம்மாவிடம் குச்சி கேளுங்கள். உங்களுக்கு வேர் பிடித்ததும் அதிலிருந்து இரண்டு வீட்டுக்குக் கொடுங்கள். அதில் ஒன்று, அந்த அம்மா குடிபோகிற பிளாட்டின் பால்கனித் தொட்டியாக இருக்கட்டும்.